அத்தியாயம் 6: சுடாமலே கெடும் துப்பாக்கி

கைத்துப்பாக்கி எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்விக்கு வெளிநாட்டு நூல்கள் தோட்டாக் கணக்கில் பதில் சொல்லும். புதிதாக வாங்கினால் முதலில் சில நூறு தோட்டா சுட்டுப் பாருங்கள், இத்தனை ஆயிரம் சுட்டபின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள் என்று எழுதியிருக்கும். வடசென்னையின் மணலி புதுநகரில் உரிமத்தோடு ஒரு சிறிய ரிவால்வரோ பிஸ்டலோ வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர் எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை கையில் வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பத்து வருஷம் வைத்திருந்து ஐம்பது தோட்டாகூடச் சுடாதவர்கள் உண்டு.

ஆனால் அந்தப் பத்து வருஷமும் துப்பாக்கி சும்மா இருந்திருக்காது. மே மாத வியர்வையில் இடுப்போடு ஒட்டிக் கிடந்திருக்கும். ஐப்பசி மழையில் நனைந்த சட்டைக்குள் இருந்திருக்கும். தேர்தல் வந்தபோதெல்லாம் காவல் நிலைய அலமாரியில் வாரக்கணக்கில் கிடந்திருக்கும். நம் ஊரில் துப்பாக்கி சுட்டுத் தேய்வது குறைவு. சுமந்து கெடுவதுதான் அதிகம். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் பராமரிப்பு முழுவதும் இந்த ஒரு உண்மையை வைத்தே அமைந்தது.

நம்பகத்தன்மை என்பதற்கு இங்கே இரண்டு பாதி உண்டு. தேவைப்படும் அன்று முதல் தோட்டா வெடிக்க வேண்டும். அதுவரை எந்த நாளிலும் தானாக வெடிக்கக் கூடாது. முதல் பாதியை மட்டும் நினைத்து இரண்டாவதை மறந்தவர்களால்தான் வீட்டுக்குள் விபத்து நடக்கிறது. ஆகவே கீழே சொல்லும் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வையுங்கள். பிஸ்டலானால் முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். வரிசை மாறினால் மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா ஏறிவிடும். ரிவால்வரானால் ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

கையில் இருப்பது எது?

இந்தியாவில் 9 எம்எம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால் தனிநபர் உரிமத்தில் காணப்படும் சிறிய கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .32 ரகத்தவை. அவற்றில் நான்கு வகை அடிக்கடி கண்ணில் படும்.

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் முதல் வகை. பிரிட்டனின் வெப்லி வடிவத்தைத் தழுவியது. மேல்தாழ்ப்பாளைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடிந்து சிலிண்டர் திறக்கும். இரண்டாவது, 2014-ல் வந்த நிர்பீக். டைட்டானியக் கலவையில் செய்தது, எடை சுமார் 500 கிராம். மூன்றாவது, 2023 ஆகஸ்டில் அறிமுகமான பிரபல். இதன் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். நான்காவது, இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .32 பிஸ்டல். இவற்றோடு, தாத்தா காலத்திலிருந்து உரிமம் மாறி மாறி வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளும் சில வீடுகளில் இருக்கும்.

மடிந்து திறக்கும் ரிவால்வரில் கவனம் போகவேண்டிய இடம் மேல்தாழ்ப்பாளும் மடிப்பு ஆணியும். பக்கவாட்டில் திறப்பதில் சிலிண்டரைத் தாங்கும் கையும் அதன் பூட்டும். பிஸ்டலில் மேகசின். டைட்டானியச் சட்டம் துருப்பிடிக்காது என்பது சரி. அதற்காக உள்ளே இருக்கும் எஃகு ஸ்பிரிங்கும் சுடும் ஊசியும் துருப்பிடிக்காது என்று இருந்துவிடக் கூடாது. வெளியே பளபளவென்று இருக்கும் துப்பாக்கியை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

இந்த ஊர்க் காற்று என்ன செய்கிறது

மணலி புதுநகருக்குக் கிழக்கே எண்ணூர் கழிமுகமும் கடலும். வடக்கே கொசஸ்தலை ஆறு, அதைத் தாண்டி வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள். தெற்கே 1969 முதல் ஓடும் மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள். நடுவே இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள். இந்தச் சூழலில் துப்பாக்கிக்கு நான்கு எதிரிகள்.

ஒன்று, உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே எஃகு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். உப்புத்துகள் படிந்த எஃகுக்கு அந்த அளவுகூடத் தேவையில்லை. உப்பே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோரச் சென்னையில் ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கும் நேரம் கொஞ்சம்தான்.

இரண்டு, கந்தகம். நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடத்தில் கந்தக டை ஆக்ஸைடு வரும். அது உலோகத்தின்மேல் படிந்த ஈரத்தில் கரைந்தால் அமிலமாகும். உப்பும் அமிலமும் சேர்ந்தால் துரு மேலோடு நிற்காமல் குழி தோண்டும்.

மூன்று, தூசி. நிலக்கரிச் சாம்பல் மெல்லியதுதான், ஆனால் அராவும் தன்மை கொண்டது. எண்ணெய் வழியும் துப்பாக்கியில் சாம்பல் ஒட்டினால் அது அரைக்கும் பசையாகி, ட்ரிக்கர் ஆணிகளையும் ஸ்லைடு ஓடும் தடத்தையும் தேய்க்கும்.

நான்கு, நம் உடம்பு. வியர்வையில் உப்பும் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. வலது இடுப்பில் வைப்பவரின் துப்பாக்கியில் உடம்பைத் தொடும் பக்கமே முதலில் மங்கும். கைப்பிடிப் பலகைக்கு அடியில், திருகுகளைச் சுற்றி, ஹாமரின் பின்புறத்தில் துரு ஆரம்பிக்கும். நீலப்பூச்சு பூசிய எஃகு பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பூச்சு மிக மெல்லிய ஆக்ஸைடு படலம். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவுமே தவிர, எண்ணெய் இல்லாமல் தனியாக நின்று காக்காது.

ஹோல்ஸ்டர்

2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான ஹோல்ஸ்டரிலோ பையிலோதான் எடுத்துச்செல்ல வேண்டும். அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச்செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதாவது சட்டைக்கு மேலே காற்றோட்டமாகத் தொங்கவிட்டு நடக்க இங்கே வழியில்லை. துணிக்குள், உடம்போடு, ஈரத்தில்தான் இருக்கும். அதனால் ஹோல்ஸ்டர் தேர்வை அலங்கார விஷயமாக எண்ண வேண்டாம்.

பெரியமேட்டில் தைத்து வாங்கிய தோல் ஹோல்ஸ்டர் உடம்புக்குச் சுகம். ஆனால் தோல் வியர்வையைக் குடிக்கும், மெதுவாகத் திருப்பித் தரும். பதனிட்டபோது தங்கிய உப்பும் அமிலமும் எஃகைத் துருவாக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்த ஹோல்ஸ்டர் ஈரத்தைக் குடிக்காது, கழுவித் துடைக்கலாம். ஆனால் உள்ளே சாம்பல் தங்கினால் பூச்சை உரசி எடுத்துவிடும். எதை எடுத்தாலும் மூன்று விதி:

1. ட்ரிக்கர் முழுவதும் மூடியிருக்க வேண்டும். தோல் தொய்ந்து ட்ரிக்கர் பக்கம் மடிய ஆரம்பித்தால் அந்த ஹோல்ஸ்டரை அன்றே ஒதுக்குங்கள். துப்பாக்கியைச் செருகும்போது மடிந்த தோல் விரலின் வேலையைச் செய்துவிடும்.
2. இரவில் துப்பாக்கி ஹோல்ஸ்டருக்குள் தூங்கக் கூடாது. துடைத்து, பூட்டிய பெட்டியில் தனியாக வையுங்கள். ஹோல்ஸ்டரை மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள்.
3. உடம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே தடுப்பாக மேலே எழும்பி நிற்கும் ஒரு மடிப்பு ஹோல்ஸ்டரில் இருந்தால் துப்பாக்கியில் படும் வியர்வை குறையும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை, என்ன வேலை?

தினமும், வீடு திரும்பியதும்: தோட்டாவை இறக்குங்கள். லேசாக எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறம் முழுவதும் ஒரு துடைப்பு. உடம்பு தொட்ட பக்கமும் கைப்பிடியின் பின்புறமும் இரண்டு துடைப்பு. இரண்டு நிமிஷ வேலைதான். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

வாரம் ஒருமுறை: குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். பஞ்சும் நூலும் சேரும் இடங்களை உலர்ந்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டுங்கள். ரிவால்வரில் ஹாமர் இறங்கும் பள்ளம், ட்ரிக்கரின் பின்புறம், சிலிண்டருக்குப் பின்னுள்ள நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் அடி. பிஸ்டலில் மேகசின் வாய், எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, ஊசி வரும் துளை. நட்சத்திரத்துக்கு அடியில் சிறு துணுக்கு ஒன்று மாட்டினாலும் தோட்டா சரியாக உட்காராது, சிலிண்டர் சுற்றாது.

மாதம் ஒருமுறை: தயாரிப்பாளர் கையேடு எந்த அளவுக்குப் பிரிக்கச் சொல்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் பிரியுங்கள். புல்-த்ரூ கயிற்றில், ராணுவத்தில் இருந்தவர்கள் சிந்தி என்று சொல்லும் துணித்துண்டைக் கோத்து, அறைப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக இழுங்கள். கைப்பிடிப் பலகையைக் கழற்றி அடியில் பாருங்கள். அங்கே துரு ஒளிந்து வளரும். மேகசினைப் பிரித்து உட்புறத்தை உலர்வாகவே துடைத்து மாட்டுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாத வேலையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக்குங்கள். நனைந்து வந்த நாளில் காலண்டரைப் பார்க்க வேண்டாம். அன்றே முழுவதும் பிரித்து உலர்த்துங்கள்.

எண்ணெய்: குறைவாக, சரியானதாக

நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் முதலில் கைக்கு வரும். துப்பாக்கிக்கு அது வேண்டாம். தாவர எண்ணெய்கள் காற்றுபட்டு நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் விட்டு வருஷக்கணக்கில் பரணில் கிடந்த தையல் மிஷினைச் சுற்றிப் பார்த்தவருக்கு அந்தப் பிசுக்கு தெரியும். ஹாமர் அந்தப் பிசினை உடைத்துக்கொண்டு இறங்கும்போது வேகம் குறையும். அடி லேசானால் தோட்டா வெடிக்காது. அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை, அது கனிம எண்ணெய். ஆனால் சீக்கிரம் வழிந்து காய்ந்துவிடும். துப்பாக்கிக்கென்றே விற்கும், துருத்தடுப்புச் சேர்த்த எண்ணெயே சரி.

அளவுதான் அதைவிட முக்கியம். வெளியே விரல் ஓட்டினால் லேசாக வழுக்க வேண்டும். விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. ஆணிகளுக்கும் உராயும் தடங்களுக்கும் ஊசிமுனையில் ஒரு சொட்டு. ஊசி ஓடும் துளை, சிலிண்டர் அறைகள், மேகசின் உட்புறம் மூன்றும் உலர்வாக இருக்கட்டும். துரு இளக்கும் ஸ்பிரேயைத் துப்பாக்கிக்குள் அடித்துவிட்டு அப்படியே தோட்டா போடுவது பெரிய தவறு. ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமருக்குள் இறங்கி மருந்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டாவில் எந்த மாற்றமும் தெரியாது.

தோட்டா

துப்பாக்கியைக் கண்ணாடிபோல் வைத்திருந்து, அதில் எட்டு வருஷப் பழைய தோட்டாவைப் போட்டுச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். நம்பகத்தன்மையின் பாதி தோட்டாவில் இருக்கிறது.

முதலில் ரகம். .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வேறு வேறு. ரிவால்வருக்கு உரியது நீளமானது, அடியில் முழு விளிம்பு கொண்டது. பிஸ்டலுக்கு உரியது குட்டையானது, விளிம்பு மிகச் சிறியது. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறைக்குள் நுழைந்துவிடும்; நுழைகிறதே என்று சுட்டால் பழைய ரிவால்வர் தாங்காது. கடையில் வாங்கும்போது .32 என்று மட்டும் சொல்லாமல் உரிமத்தையும் துப்பாக்கி விவரத்தையும் காட்டி, பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். பெட்டியிலுள்ள லாட் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பித்தளை. இதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளை, யாரும் தொடாமலே வெடிப்பு விட்டது. குண்டை இறுக்கிப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் விரிசல் ஓடியது. பருவத்தோடு வந்ததால் அதைப் பருவ விரிசல் என்றார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், சூடாக்காமல் இழுத்து வடிவமைக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-ல் விளக்கினார்கள். அதன்பின் பித்தளையைச் சூடாக்கி இறுக்கம் தளர்த்தும் முறை உறுதிப்பட்டது. இன்றைய தோட்டாக்களில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் அம்மோனியாவுக்கும் பித்தளைக்கும் பகை தீரவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட இரவில் மனிதர்தான் முதலில். தோட்டாவை நினைக்கும் நேரம் அது இல்லை. அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை சின்ன விஷயங்கள். தோட்டாவை மாட்டுக்கொட்டகைப் பக்கமோ, உர மூட்டை வைத்த அறையிலோ, அம்மோனியா கலந்த தரைக் கிளீனர் இருக்கும் அலமாரியிலோ வைக்காதீர்கள். குழலிலுள்ள செம்புக் கறையை நீக்கும் திரவங்களிலும் அம்மோனியா இருக்கும். அதைத் தொட்ட கையோடு தோட்டாவைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, பிஸ்டல்காரர்களுக்கு மட்டும். தினமும் இரவில் இறக்கி, காலையில் அதே தோட்டாவை மறுபடி அறைக்குள் ஏற்றுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு சரிவில் மோதி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளிடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியுமளவு குட்டையாகிவிட்டால் அதைச் சுடவே கூடாது, ஒதுக்கிவிடுங்கள். தோட்டாக்களை வரிசை மாற்றி ஏற்றினால் ஒரே தோட்டா திரும்பத் திரும்ப அடிபடாது. ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை. .32 பிஸ்டலில் இன்னொன்றும் உண்டு. தோட்டாவின் சிறு விளிம்பு மேகசினில் கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மேலே ஏறாமல் பூட்டிக்கொள்ளும். நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே உள்ளதற்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். கடைசியில் மேகசினின் முதுகை உள்ளங்கையில் ஒருமுறை தட்டுங்கள்.

பச்சைக் களிம்பு, விரிசல், பள்ளம், ஆடும் குண்டு, எண்ணெய் பட்ட பிரைமர்: இதில் ஒன்று இருந்தாலும் அந்தத் தோட்டா சுமக்கத் தகுந்தது அல்ல. குப்பைத் தொட்டியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். எண்ணிக்கை உங்கள் கணக்கில் இருக்கிறது. உரிமம் பெற்ற வணிகர் அல்லது காவல் நிலையம் மூலமாகவே கழிக்க வேண்டும்.

சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது

மொட்டை மாடியிலோ, கழிமுகத்தின் ஆளில்லாத கரையிலோ சுட்டுப் பார்ப்பது குற்றம். விதிகள் பொது இடத்தில் துப்பாக்கியை வீசிக் காட்டுவதையும் சுடுவதையும் தடுக்கின்றன. கொண்டாட்டத்துக்காக அஜாக்கிரதையாகச் சுடுவதற்கு 2019 திருத்தச் சட்டம் தனித் தண்டனையே வைத்திருக்கிறது. சுடுவதற்கு இடம், அனுமதி பெற்ற சுடுதளம் மட்டும். எழும்பூரில் இயங்கும் சென்னை ரைஃபிள் கிளப் போன்ற இடங்களில் உறுப்பினராகி, பயிற்றுநர் முன்னிலையில் சுடலாம்.

வருஷம் ஒருமுறையாவது போங்கள். புதுத் தோட்டாவைச் சுட்டுப் பழையதைச் சுமந்து திரும்பும் வழக்கத்தை மாற்றுங்கள். ஒரு வருஷம் சுமந்த தோட்டாக்களை, சுமந்த நிலையிலேயே, துப்பாக்கியைப் புதிதாகத் துடைக்காமல் சுடுங்கள். அதுதான் உண்மையான பரீட்சை. இரண்டு மூன்று சிலிண்டர் அளவு போதும். ஒன்றுகூடத் தவறாமல் வெடித்தால் உங்கள் தினசரி வழக்கம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு புதுப் பெட்டியைத் திறந்து சுமக்கத் தொடங்குங்கள்.

ஒன்று வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழல் இலக்கை நோக்கியே இருக்க, முப்பது வினாடி பொறுத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு எடுத்துப் பிரைமரில் விழுந்த குழியைப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தால் தோட்டாவில் பழுது. ஆழமில்லாமல் இருந்தால் ஹாமர் ஸ்பிரிங், ஊசி அல்லது பிசுக்கு. சத்தம் மெலிதாக வந்து உதைப்பு குறைவாக இருந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலித் தோட்டாக்களை எண்ணி எடுத்து வையுங்கள்.

தேர்தலும் காவல் நிலைய அலமாரியும்

துப்பாக்கி தொடர்ந்து நெடுநாள் உங்கள் கண்ணில் படாமல் கிடக்கும் காலம் தேர்தல் காலம். 2019 நாடாளுமன்றம், 2021 சட்டமன்றம், 2022 மாநகராட்சி, 2024 நாடாளுமன்றம் என்று பாருங்கள். ஐந்து ஆண்டு உரிமக் காலத்துக்குள் மூன்று நான்கு முறை ஒப்படைக்கும்படி ஆகலாம். 2024-ல் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை அமலில் இருந்தன. ஏறக்குறைய பன்னிரண்டு வாரம், அதுவும் கோடையில். வங்கிக் காவலர்களுக்கும் போட்டிகளில் பங்குபெறும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு கிடைப்பது வழக்கம். மற்றவர்கள் அறிவிப்பு வந்ததும் கொடுக்க வேண்டும். மணலி புதுநகர் காவல் நிலையம் 2022-ல் உருவான ஆவடி ஆணையரகத்தில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய உரிமத்தில் சென்னை மாநகர ஆணையர் முத்திரை இருந்தால் புதுப்பிப்பு எங்கே என்பதை முன்னதாகவே கேட்டுத் தெளியுங்கள்.

கொடுக்கும் முன்:

1. முந்தைய இரவு மாத வேலை முழுவதையும் செய்யுங்கள். இந்த ஒரு முறை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக எண்ணெய் பூசுங்கள். குழலுக்குள்ளும் பூசுங்கள்.
2. ஹோல்ஸ்டரோடு கொடுக்காதீர்கள். துருத்தடுப்புத் தாளிலோ எண்ணெய் நனைத்த துணியிலோ சுற்றி, ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே அடைபட்ட ஈரமே துருவாக்கும்.
3. தோட்டாவைத் தனிப் பையில், எண்ணிக்கையோடு.
4. துப்பாக்கியின் எண், ரகம், தோட்டா எண்ணிக்கை, நிலை எல்லாம் ரசீதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒப்படைக்கும் அன்று நான்கு பக்கமும் படம் எடுத்து வைப்பது நல்லது.

நிலையத்தில் கொடுப்பதற்குப் பதில் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் பாதுகாப்புக்கு வைக்கவும் சட்டத்தில் வழி உண்டு. கட்டணம் ஆகும், ஆனால் ஆயுதத்தைப் பராமரிக்கத் தெரிந்த கை. எதைத் தேர்ந்தெடுத்தாலும், திரும்ப வாங்கிய அன்றே இடுப்பில் செருகாதீர்கள். குழலுக்குள் பூசிய எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்காமல் சுடக் கூடாது. தடித்த எண்ணெயும் தூசியும் சேர்ந்த ஹாமரும் நம்பத் தகுந்தது இல்லை. பிரித்து, துடைத்து, பார்த்து, அதன்பின் சுமக்கத் தொடங்குங்கள்.

வெள்ளம் வந்தால்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி புதுநகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய்ப் படலம் மிதந்தது. தரைத்தளத்தில் இரும்புப் பெட்டிக்குள் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இதிலிருந்து முதல் பாடம் எளிது: பெட்டியை இடுப்பு உயரத்துக்கு மேல், சுவரில் பொருத்துங்கள். உரிமப் புத்தகமும் அதே உயரத்தில் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் துப்பாக்கியையும் உரிமப் புத்தகத்தையும் மேல்தளத்துக்கு மாற்றுங்கள். துப்பாக்கி வெள்ளத்தில் போனால் அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

மூழ்கிய துப்பாக்கியைக் கண்டெடுத்தால் அலசாமல் உலர்த்தத் தொடங்காதீர்கள். காற்று பட்ட நிமிஷத்திலிருந்து துருவின் கடிகாரம் ஓடும். தோட்டாவை இறக்கிவிட்டு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பையும் சேற்றையும் நீக்குங்கள். பின் துடைத்து, வெதுவெதுப்பான காற்றில் காயவைத்து, ஊடுருவும் எண்ணெயில் நனைத்துத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். வெள்ளத்தில் மிதந்த எண்ணெய் மேலே ஒட்டியிருப்பதால் துருவிலிருந்து தப்பியது என்று எண்ண வேண்டாம். அந்தப் படலத்துக்கு அடியில் உப்புத் தண்ணீரும் வண்டலும் அடைபட்டிருக்கும். நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைத்து மறுபடி சுமக்காதீர்கள். எண்ணி, தனியே கட்டி, கணக்கில் கழியுங்கள்.

எப்போது மெக்கானிக், எப்போது ஓய்வு

பழுதுபார்ப்பதற்கும் ஆயுதச் சட்டத்தில் உரிமம் தேவை. பக்கத்து லேத் பட்டறையில் கொடுப்பது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. ட்ரிக்கர் லேசாக வேண்டும் என்று அரம் போட்டு ராவுவதை யார் செய்தாலும் தடுங்கள்.

கீழ்க்கண்ட எந்த அறிகுறி தெரிந்தாலும் சுமப்பதை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் காட்டுங்கள்:

- ஹாமர் பின்னால் இழுத்த நிலையில் சிலிண்டர் ஆடுகிறது. அறையும் குழலும் நேராக நிற்கவில்லை. சுடும்போது பக்கவாட்டில் ஈயத்துணுக்கு தெறிக்கிறது.
- மடிந்து திறக்கும் ரிவால்வரில் தாழ்ப்பாளைப் போட்ட பின்னும் குழலை அசைத்தால் கடகடவென்கிறது.
- பின்னிழுத்த ஹாமரைக் கட்டைவிரலால் தள்ளினாலே விழுகிறது.
- ஸ்லைடு முழுதாக முன்னேறி மூடவில்லை, அல்லது காலித் தோட்டா வாசலில் சிக்குகிறது.
- மேகசின் வாயின் உதடுகள் விரிந்திருக்கின்றன. இதைக் குறடால் நெளித்துச் சரிசெய்யாதீர்கள், மேகசினையே மாற்றுங்கள்.
- குழலுக்குள் துடைத்தும் போகாத குழிகள் தெரிகின்றன.

ஸ்பிரிங் பற்றி ஒரு பயம் பலருக்கு உண்டு: மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்று. நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதால் அவ்வளவாகத் தளராது. அமுங்கி விரிவதும் துருவும்தான் அதைக் கொல்லும். கடைசித் தோட்டா மேலே ஏறத் தயங்கினால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பழைய ரிவால்வர் கீழே விழுந்தால் வெடிக்காது என்று மெக்கானிக் உறுதி சொல்லாதவரை ஹாமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுங்கள். ஆறுக்குப் பதில் ஐந்தோடு நடப்பது நஷ்டமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு சிறிய நோட்டு போதும். துடைத்த தேதி, நனைந்த தேதி, தோட்டாவின் லாட் எண், சுட்ட எண்ணிக்கை, ஒப்படைத்து வாங்கிய தேதி, மெக்கானிக் சொன்னது. ஐந்து ஆண்டு கழித்து உரிமம் புதுப்பிக்கப் போகும் நாளில் இந்த நோட்டை முதலிலிருந்து ஒருமுறை புரட்டுங்கள். பராமரிக்க நேரமில்லாமல் பக்கங்கள் காலியாக இருந்தால் அந்தத் துப்பாக்கியை இடுப்பிலிருந்து எடுத்துப் பெட்டியில் பூட்டுங்கள். பெட்டியிலும் பார்க்க ஆளில்லை என்றால் வணிகரிடம் ஒப்படைத்து உரிமத்தை முறைப்படி முடித்துக்கொள்ளுங்கள். கவனிக்கப்படாத துப்பாக்கி வைத்திருப்பதைவிடத் துப்பாக்கி இல்லாமல் இருப்பது பாதுகாப்பு.